அம்மா சொல்லாத பேர்

எங்கள் அப்பாவின் பேரை இந்தப் பக்கத்தில் எழுதப்போவதில்லை. ரகசியம் ஒன்றுமில்லை. அம்மாவுக்கு 82 வயசு. வாராவாரம் நான் எழுதுவதை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். புருஷன் பேரை அச்சில் போட்டு ஊர் பூராவும் உச்சரிக்க வைத்தேன் என்று தெரிந்தால், அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி நேரே சென்னைக்கு வந்து என் காதைத் திருகிவிட்டுத்தான் காபி குடிப்பாள்.

அம்மா தன் வாயால் அந்தப் பேரைச் சொன்னதே கிடையாது. கணக்கெடுக்க வருகிறவர், "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டால் முதலில் எங்களைத் தேடுவாள். நாங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தால், "திருச்செந்தூர்ல நிக்கிறாரே, அவரு பேருதான்" என்பாள். வந்தவர் முருகன், கந்தன், வேலு, சண்முகம் என்று ஒவ்வொன்றாக ஏலம் விட வேண்டும். சரியான பேர் வந்ததும் அம்மா தலையை ஆட்டுவாள். ஒருமுறை வந்தவர் அவசரக்காரர். பாதியிலேயே பேனாவை மூடிவிட்டார். ரெண்டு வருஷம் எங்கள் ரேஷன் கார்டில் அப்பா வேறொரு முருகனாக இருந்தார்!

இப்பேர்ப்பட்ட பேர் இன்றைக்கு அமெரிக்காவில் ஒரு குடும்பப் பேர். அது நடந்த விதத்தைச் சொல்கிறேன்.

நமக்குக் குடும்பப் பேர் என்ற வழக்கமே கிடையாது என்பார்கள். பாதிதான் நிஜம். எங்கள் வானம் பார்த்த பூமியில், ஆளுக்கு ஒரு பேர், வீட்டுக்கு ஒரு பட்டப்பேர். மச்சு வீடு, வேப்பமரத்து வீடு, உப்புக்கார வகையறா என்று சொன்னால் தபால்காரர் நேரே வந்து நிற்பார். கதவு நம்பரைச் சொன்னால் முழிப்பார். தெலுங்கு பேசுகிற குடும்பங்களுக்கு 'இண்டிப் பேரு' உண்டு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே இண்டிப் பேராக இருந்தால் சம்பந்தம் பேச மாட்டார்கள். இத்தாலியில் டோலமைட் மலைப் பக்கம் லடின் என்ற சின்ன மொழி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய குடும்பப் பேர்களில் பல, பண்ணை வீட்டின் பேரிலிருந்து வந்தவைதானாம். அவர்கள் வேப்பமரத்து வீட்டை ரிஜிஸ்தரில் ஏற்றினார்கள். நாம் வாய்ப்பேச்சோடு விட்டுவிட்டோம்.

ரிஜிஸ்தரில் நாம் ஏற்றியது இனிஷியலை. ஊருக்கு ஒரு எழுத்து, அப்பாவுக்கு ஒரு எழுத்து. 1977-ல் எம்.ஜி.ஆர். முதல்முறையாக முதலமைச்சரானபோது ஜெயித்த தொகுதி எங்கள் அருப்புக்கோட்டைதான். அவர் பேரில் 'எம்' மருதூர், 'ஜி' அப்பா கோபாலன். ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? எங்கள் தெருவில் ஒரு கிழவி 'எம்' என்றால் மகராசன் என்று நம்பிக்கொண்டிருந்தாள். நாங்களும் திருத்தவில்லை.

பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுகிற வழக்கமும் இருந்தது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், அதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மெல்ல மெல்ல வால் உதிர்ந்தது. நல்ல காரியம். மிச்சம் நின்றது இனிஷியல். அதுவோ தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிற எழுத்து. அப்பாவின் எழுத்து மகனோடு சரி. பேரனுக்கு வேறு எழுத்து. தாத்தா மறைந்துபோவார்.

எங்கள் பக்கத்துத் திருச்சுழியில் 1879-ல் பிறந்த வெங்கடராமன் என்ற பையன் கதை தெரியுமல்லவா? 1896-ல் மதுரையிலிருந்து வீட்டை விட்டுக் கிளம்பினார். எழுதி வைத்த சீட்டில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. பேரே வேண்டாம் என்று போனவர்! திருவண்ணாமலையில் மௌனமாக இருந்தவரை, தாலுகா ஆபீஸ் கணக்கர் ஒருவர் பேரும் ஊரும் தெரியாமல் நகர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாராம். கடைசியில் இங்கிலீஷில் எழுதிக் காட்டினார்: 'வெங்கடராமன், திருச்சுழி.' சாதி இல்லை, குலம் இல்லை. ஆளும் ஊரும் மட்டும். 1907-ல் காவ்யகண்ட கணபதி முனி அவருக்கு ரமண மகரிஷி என்று பேர் வைத்தார். உலகத்துக்கு அதுதான் நிலைத்தது.

மகரிஷிக்குச் சரி. என் தம்பிக்கு? அவன் பாஸ்போர்ட் எடுக்கப் போனான். பாரத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம். காலியாக விடக்கூடாதா? விடலாம். ஆனால் ஒற்றைப் பேர்க்காரர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பேர் இருக்கும் இடத்தில் எஃப்.என்.யூ. என்று விழும். 'முதல் பேர் தெரியவில்லை' என்று அர்த்தம். பெற்றவர்கள் மெனக்கெட்டு வைத்த பேருக்கு இந்த மரியாதை! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகமும், ஒற்றைப் பேர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வர முடியாது என்று அறிவித்தது. பிறகு பாஸ்போர்ட்டின் ரெண்டாவது பக்கத்தில் அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தால் போதும் என்று இளகினார்கள். துருக்கியில் 1934-ல் சட்டம் போட்டே எல்லோருக்கும் குடும்பப் பேர் வைத்தார்கள். ஐஸ்லாந்துக்காரர்களில் பெரும்பாலோர் மட்டும் நம்மைப்போல இன்னும் அப்பா பேரையே போட்டுக்கொள்கிறார்கள்.

தம்பி அந்தக் கட்டத்தில் அப்பா பேரை எழுதினான். அவ்வளவுதான். அங்கே ஆபீஸில் எல்லோரும் அவனை அப்பா பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் வாரம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்தானாம். தம்பி பெண்சாதிக்கும் அதே பேர். மகள் பிறந்தாள். நம் வழக்கப்படி அவளுக்குத் தம்பியின் இனிஷியல் வர வேண்டும். அந்த ஊர் வழக்கப்படி வந்து ஒட்டிக்கொண்டது தாத்தா பேர். மதுரையைத் தாண்டி ரயில் ஏறாத மனுஷன், செத்து 11 வருஷம் ஆனவர், ஒரு வம்சத்துக்கே பேராகிவிட்டார்.

போன மாசம் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ பரிசு. தம்பி வீடியோ அனுப்பியிருந்தான். நான் ஊரில் இருந்தேன். அம்மாவிடம் போனைக் காட்டினேன். மேடையில் ஒரு வெள்ளைக்கார வாத்தியார் பேத்தியின் பேரைச் சொல்லி, கூடவே அப்பாவின் பேரையும் கடித்து, மென்று, ஒருவழியாகத் துப்பினார். கைதட்டல்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

"பாப்பாவைத்தான கூப்பிடுறாக?"

"ஆமாம்மா."

"பின்னாடி என்னமோ சொன்னாரே..."

"அது அவ குடும்பப் பேரு."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. சேலைத் தலைப்பால் போன் கண்ணாடியைத் துடைத்தாள்.

"இன்னொரு தடவ போடு."

போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாள். மூணாவது தடவை முடிந்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"அவருக்குச் சரியாச் சொல்லத் தெரியலடா."

"நீதான் சொல்லிக் குடேன்!"

"போடா போக்கத்தவனே!" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். போனை மட்டும் என்னிடம் திருப்பித் தரவில்லை.