பிள்ளை உள்ளமும் மலைநாட்டு மருத்துவமும்

உள்ளத்து உணர்ச்சி உடலிற் புலப்படுவதே மெய்ப்பாடு என விளக்கி, தொல்காப்பியர் தொகுத்த எட்டினையும் மாணவர்க்குப் பல்லாண்டு கற்பித்து வருபவன் யான். ஆயினும் நமுனுகுல மலைச்சாரலில் என் வகுப்பிலேயே இருந்த ஒரு சிறுவனின் மெய்ப்பாட்டினை அறியத் தவறினேன். வினாவுக்கு விடை கூறாது அவன் வாளாவிருந்தான். அடங்காமை எனக் கருதி எழுந்து நிற்கச் செய்தேன். அன்னை பணிப்பெண்ணாக மத்திய கிழக்கு நாடொன்றுக்குச் சென்றபின் அவன் உறக்கமும் உணவும் இழந்திருந்தான் என்பதைப் பின்னரே அறிந்தேன். லயத்திலுள்ளோர் காத்துக்கருப்பு எனக் கூறி நூல் மந்திரித்துக் கட்டினர். அவர்களை நகைக்க எனக்கு உரிமையில்லை. அவர்கள் அதனை நோயென்றாவது கண்டனர். யான் குற்றமென்றன்றோ கண்டேன்!

இஃது ஒரு பிள்ளையின் துயர் மட்டுமன்று. 10 முதல் 19 வயது வரையுள்ளோருள் எழுவரில் ஒருவர் மனநலக் குறைபாட்டுடன் வாழ்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அக்கணக்கின்படி 40 பேர் அமர்ந்த வகுப்பில் ஐவரோ அறுவரோ இருத்தல் கூடும். நம் நாட்டிலோ சிறுவர்க்கென்றே பயின்ற உளமருத்துவர் மிகச் சிலரே. கொழும்பிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை தோட்டத்துத் தாய்க்கு எட்டாத தொலைவு. பதுளைக்குச் சென்று மீள்வதானாலும், தோட்ட வழக்கிற் சொல்வதாயின், ஒரு நாட் ‘பேர்’ போய்விடும். அடிக்கடி செல்ல வேண்டிய சிகிச்சைக்கு எத்தனை நாளை இழப்பாள்?

வழியும் கூலியும் கடந்தாலும் மொழி எஞ்சி நிற்கும். உடல்நோயைத் தொட்டுக் காட்டலாம். உளநோயைச் சொல்லியே காட்ட வேண்டும். அச்சொல் தாய்மொழிச் சொல்லாதல் வேண்டும். மொழிபெயர்க்க அயலார் ஒருவர் இடையே நின்றால், பருவமடைந்த பெண்பிள்ளை எதனை வாய்விட்டுரைப்பாள்? தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் நல்ல துணையே. ஆயினும் பலர் உறங்கும் ஓரறை லயத்தில் தனித்துப் பேச இடமேது?

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, பள்ளி சென்றமையால் உயிர்தப்பிய பிள்ளைகள் மீண்டு வந்து, வீடிருந்த இடத்தில் மண்ணையே கண்டனர். அத்தகைய பிள்ளைகட்கு ஆறுதல் வேண்டுமென்பதை எவரும் மறுப்பதில்லை. மண் சரியாமலே மனஞ்சரியும் பிள்ளையோ எவர் கண்ணிலும் படுவதில்லை.

அரசு முயன்றால் முடியாததன்று. 1995ஆம் ஆண்டளவில் உலகின் மிக உயர்ந்த தற்கொலை விகிதங்களுள் ஒன்று நம்முடையதாயிருந்தது. கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டமையால் அது பெரிதும் குறைந்தது. நஞ்சினை அகற்றிய நாடு, நஞ்சினை நாடச் செய்யும் துயரினையும் நோக்க வேண்டாமா? தமிழ் பேசும் உளவளத் துணையாளர் ஒருவர் திங்கள்தோறும் குறித்த நாளில் தோட்டப் பள்ளிகட்கு வருதல் வேண்டும். முகவாட்டத்தை இனங்காண ஆசிரியர்க்குப் பயிற்சி வேண்டும். எனினும் ஆசிரியர் மருத்துவர் ஆகார்.

அச்சிறுவனிடம் என் பிழைக்கு வருந்தினேன். சில நாட் கழித்து அவன் மெல்லப் பேசத் தொடங்கினான், கேட்டேன். கேட்டபின் அவனை எங்கே அனுப்புவது? அவ்வினாவுக்கு விடை கூறாது நின்றவன் இம்முறை யானே.