பேரிச்சம்பழத்தைக் கொடுத்து இரும்பு வாங்கினவன்

சின்ன வயசுல எங்க தெருவுல தள்ளுவண்டிக்காரர் ஒருத்தர் வருவாரு. பழைய இரும்பு, ஓட்டை அலுமினியம், பித்தளை எதைக் கொடுத்தாலும் பேரிச்சம்பழம் தருவாரு. அந்த நாள்லயே எனக்கு வியாபாரம் வந்திருக்கணும். வரல. 2023-ல நான் அதைத் தலைகீழா செஞ்சேன். ஒரே உதையில ஸ்டார்ட் ஆகுற எஸ்டி ரோட்கிங்கையும், மேல முப்பத்தஞ்சாயிரம் ரூபாயையும் கொடுத்துட்டு, ஒரு அடிகூட நகராத ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை லோடு வண்டியில ஏத்திட்டு வந்தேன். கூரை இல்லாத ஹெரால்டு.

"கன்வெர்ட்டிபிள் ப்ராஜெக்ட்டுண்ணே. தொண்ணூறு பர்சன்ட் முடிஞ்சது. டாப்பும் வயரிங்கும்தான் பாக்கி."

வேடசந்தூர் பக்கம் ஒரு கொட்டாயில வச்சு அந்தத் தம்பி இப்படிச் சொன்னப்ப எனக்குக் காதுல விழுந்தது "கன்வெர்ட்டிபிள்" மட்டும்தான். சிறுமலை கொண்டை ஊசி வளைவுல காத்து முகத்துல அடிக்க நான் போற காட்சி கண்ணுல ஓடிருச்சு. சொந்த செலவுல சூனியம்னா இதுதான் மக்களே.

ஆனா நான் ஏமாந்த கதையைச் சொல்லி அழ இதை எழுதல. அது என் புத்தி. எனக்குக் கோபம் வேற இடத்துல. நல்லா இருக்கிற பழைய காரோட கூரையை வெட்டி எறிஞ்சுட்டு அதுக்கு "ரெஸ்டோரேஷன்"னு பேர் வைக்கிறாங்களே, அவங்க மேல. அதைப் பாத்து "சூப்பர் மாப்ள"ன்னு விசிலடிக்கிற நம்ம மேலயும்தான்.

ஹெரால்டு என்ன கார்னு தெரியாத தம்பி தங்கச்சிகளுக்கு ரெண்டு வரி. இங்கிலாந்துல ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959-ல வந்துச்சு. வடிவம் போட்டவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலாட்டி. 1961-லேர்ந்து அதையே சென்னைக்குப் பக்கத்துல பெருங்களத்தூர்-வண்டலூர் பகுதியில இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி ஸ்டாண்டர்டு ஹெரால்டுங்கிற பேர்ல செஞ்சாங்க. 948 சிசி இஞ்சின். கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட், நமக்கு ஹெரால்டு. பின்னால நாலு கதவு ஹெரால்டு ஒண்ணு வந்துச்சு, அது இந்தியாவுல மட்டும் செஞ்சது. 1970-களோட ஆரம்பத்துல ஹெரால்டு போயி கெஸல் வந்து, அதுவும் 1977 வாக்குல நின்னு போச்சு. ஆக மிச்சம் இருக்கிறதுதான் கணக்கு. ஒண்ணை வெட்டினா ஒண்ணு குறையும். புதுசா எவனும் செய்யப் போறதில்ல.

இப்பதான் வயித்தெரிச்சல் வருது. அந்தக் காலத்துல மத்த கம்பெனியெல்லாம் சேஸிஸ் தனியா இல்லாம மொத்த பாடியையும் ஒரே கூடா செய்ய ஆரம்பிச்சாச்சு. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபுக்கு பாடி செஞ்சு கொடுத்துக்கிட்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோவை எதிராளி பி.எம்.சி. வாங்கிட்டதால, இவங்களுக்குப் பெரிய பாடி அடிச்சுக் கொடுக்க ஆளில்ல. அதனால தனி சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டா செஞ்சு போல்ட் போட்டு மாட்டினாங்க. கஷ்டத்துல பொறந்த யோசனை, ஆனா என்ன அழகு பாருங்க. முன்பக்க பானட்டு மட்கார்டோட சேந்து அப்படியே முன்னாடி சாயும், டயர் மேல உக்காந்துக்கிட்டு இஞ்சின் வேலை பாக்கலாம். கூரையும் அப்படித்தான். அது போல்ட்ல நிக்கிற கூரை. இங்கிலாந்துல கன்வெர்ட்டிபிள் ஹெரால்டு 1960-லயே வந்ததுக்குக் காரணமே அதுதான்.

அதாவது, உலகத்துலயே ஸ்பானர் வச்சுக் கூரையைக் கழட்டக்கூடிய ஒரு சில கார்ல இது ஒண்ணு. அந்தக் காரை நம்ம ஆளு கேஸ் கட்டர் வச்சு வெட்டியிருக்கான்!

நாகல் நகர் பக்கம் டிங்கரிங் வேலை பாக்குற ஒரு பாய்கிட்ட வண்டியைக் காட்டினேன். அவர் பேசவே இல்ல. கூரை இருந்த இடத்துல நிக்கிற மொட்டைக் கம்பத்துக்கு அடியில பட்டியைச் சுரண்டினாரு. சுரண்டச் சுரண்ட வந்துக்கிட்டே இருந்துச்சு. கடைசியில உள்ள ஒரு போல்ட் தெரிஞ்சுது. "இது இங்கனதான இருக்கு தம்பி, இதைக் கழட்டியிருந்தா போதுமே"ன்னாரு. அப்புறம் கதவுக்குக் கீழ ஸ்க்ரூடிரைவரால ஒரு குத்து. மறுபக்கம் வந்துச்சு. தொண்ணூறு பர்சன்ட்டுல ஒரு எண்பது பர்சன்ட் பட்டியும் பெயிண்டும்தான். முன்கண்ணாடி ஃப்ரேமையும் பாதி அறுத்து வச்சிருந்தாங்க, ஸ்டைலாம்.

ஹெரால்டாவது பரவால்ல, அடியில சேஸிஸ் இருக்கு. இதே ஆளுங்க பத்மினியையும் வெட்டுறாங்க. அதுல தனி சேஸிஸே கிடையாது, கூரையும் சேந்துதான் பாரத்தைத் தாங்குது. அதை எடுத்துட்டா வண்டி நடுவுல தொய்யும், கதவு சேராது. கல்யாண ஊர்வலத்துக்கு பூ அலங்காரம் பண்ணி பத்து கிலோமீட்டர்ல ஓட்டுறப்ப தெரியாது. கரூர் ரோட்டுல எண்பதுல போறப்ப ஒரு பள்ளம் வந்தா தெரியும்.

சரி, சட்டம் என்ன சொல்லுது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல 52-ஆம் பிரிவு. கம்பெனி செஞ்சு கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில இருக்கிறதுக்கும் வித்தியாசம் வர்ற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. இதை 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே கறாரா சொல்லிருச்சு. என் ஆர்.சி.யில பாடி வகை "சலூன்"னு இருக்கு. வாசல்ல நிக்கிறது தொட்டி.

இன்னொண்ணு கேளுங்க. 2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குன்னு தனி விதி கொண்டு வந்துச்சு. அம்பது வருஷம் தாண்டியிருக்கணும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பர்ல 'வி.ஏ.'ன்னு எழுத்து வரும், பத்து வருஷம் செல்லும். தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலின்னு கொண்டு போகலாம். என் வண்டி 1967 மாடல், வயசு இருக்கு. ஆனா அதே விதி இன்னொண்ணும் சொல்லுது: சேஸிஸ், பாடி ஷெல், இஞ்சின்ல பெரிய மாற்றம் செஞ்சிருக்கக் கூடாது. முடிஞ்சுது. அம்பது வருஷம் மழை, வெயில், துரு எல்லாத்தையும் தாக்குப்பிடிச்சு வந்த வண்டிக்கு, ஒரு மத்தியான நேர கேஸ் கட்டர் வேலையால அந்த மரியாதை போச்சு.

"நாங்க எடுக்கலைன்னா காயலான் கடைக்குத்தான் போயிருக்கும்ணே"ன்னு ஒரு வாதம் உண்டு. கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா காயலான் கடைக்காரர் நேர்மையானவரு. அவரு எடை போட்டு வாங்குறாரு, இரும்புன்னு சொல்லி விக்கிறாரு. அவர்கிட்ட போன வண்டியோட கதவும் ஆக்ஸிலும் இன்னொரு ஹெரால்டுக்குப் போய்ச் சேர வாய்ப்பு இருக்கு. கூரையை வெட்டினவன் அந்தக் கூரையை என்ன பண்ணினான்? எடைக்குப் போட்டான். அதைத்தான் காயலான் கடைக்குப் போகாம காப்பாத்தினதா சொல்றானா?

இன்னொரு வாதம், "என் வண்டி, என் இஷ்டம்." சரிதான் ராசா. அப்ப உன் இஷ்டத்தை நீயே முடி. பாதியில வெட்டிப் போட்டுட்டு "ப்ராஜெக்ட்"னு என் தலையில ஏன் கட்டுற? முடிக்க முடியாதுன்னு தெரிஞ்ச அன்னிக்குத்தான் அது விலைக்கு வருது. முடியிற வேலையா இருந்தா அவனே முடிச்சிருப்பானே. இந்தச் சின்ன கணக்கு எனக்கு ஏன் தோணல?

தோணாததுக்குக் காரணம் பண்டமாத்துதான்னு நெனக்கிறேன். முழுசா ரூபாயா எண்ணிக் கொடுத்திருந்தா கை நடுங்கியிருக்கும், பாயை மொதல்லயே கூட்டிட்டுப் போயிருப்பேன். வண்டிக்கு வண்டின்னதும் செலவே இல்லாத மாதிரி ஒரு மயக்கம். நம்ம பொருளை அதோட கீறலோட எடை போடுறோம். அடுத்தவன் பொருளை அது முடிஞ்சா எப்படி இருக்கும்னு எடை போடுறோம். எஸ்டியில சைலன்சர் கொஞ்சம் புகையுதுன்னு நானே வலியப் போய்ச் சொன்னேன்! கிக்கரை மடக்கினா அதுவே கியர் லிவர் ஆகுற அந்த வண்டியில என் அப்பா என்னை டேங்க் மேல உக்கார வச்சு தாடிக்கொம்பு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு. அதுக்கு அந்தக் கொட்டாயில நான் போட்ட விலை, ஒரு மொட்டை ஹெரால்டு கழிச்சு முப்பத்தஞ்சாயிரம். அப்பா ஒண்ணும் சொல்லல. தொட்டியைச் சுத்தி ஒரு தடவை நடந்து பாத்துட்டு, "மழை பேஞ்சா என்ன பண்ணுவ?"ன்னு மட்டும் கேட்டாரு.

இப்ப நான் கூரை தேடுறேன். வெட்டின மொட்டையெல்லாம் போல்ட்டோட கழட்டியாச்சு. முன்கண்ணாடி ஃப்ரேமோட ரெண்டு கதவு ஹெரால்டு கூரை ஒண்ணு கிடைச்சா மாட்டிறலாம், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்னு பாய் சொல்றாரு. ஆர்.டி.ஓ.வும் கமிட்டியும் ஒத்துக்குவாங்களான்னு அப்புறம் பாக்கலாம், மொதல்ல அது மறுபடி காராகட்டும்.

போன மாசம் ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துல கோழிக்கூண்டு மேல அப்படி ஒரு கூரை கிடக்குதுன்னு தெரிஞ்சு போனேன். நிஜமாவே ஹெரால்டு கூரை, துரு கம்மி. விலை கேட்டேன். தோட்டக்காரர் தலையைச் சொறிஞ்சாரு.

"காசு எதுக்குங்க தம்பி. பழைய எஸ்டி எதாச்சும் இருந்தா சொல்லுங்க, மாத்திக்கலாம்."