தாய் என்பார், காணி தாரார்!

பெண்ணைப் பூமித்தாய் என்பார்கள்; ஆற்றுக்கு அவள் பெயரைச் சூட்டுவார்கள்; காட்டைக் கன்னி என்று பாடுவார்கள். புகழ்மாலைக்குப் பஞ்சமே இல்லை! ஆனால், "அந்த மண்ணில் அவள் பெயருக்கு ஒரு காணி உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள், தோழர்களே! மாலை சூட்டிய கைகள் முதுகுக்குப் பின்னே மறைந்துகொள்ளும்.

கதையையும் நாவலையும் ஆராய்வோரிடையே சூழலியல் பெண்ணியம் என்றொரு நோக்கு வளர்ந்திருக்கிறது. 1974-ஆம் ஆண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் பிரான்சுவாஸ் தோபோன் இட்ட பெயர் அது. பெண்ணை அடக்கும் ஆதிக்கமும் இயற்கையைச் சூறையாடும் ஆதிக்கமும் ஒரே வேரில் முளைத்த இரு நச்சுக் கிளைகள் என்பது அதன் அடிப்படை. அதை வரவேற்கிறோம். ஆயின், கதையில் ஒரு பெண் ஆற்றங்கரையில் நின்றாலே போதும், "பெண்ணே இயற்கை, இயற்கையே பெண்" என்று சிலர் பரவசப்படுகிறார்களே, அதைத்தான் ஏற்க இயலவில்லை. மலர் கூலி கேட்காது, ஆறு வழக்காடாது. பெண்ணை மலரென்றும் ஆறென்றும் ஆக்கிவிட்டால், கூலி கேட்கும் வாயும் வழக்காடும் உரிமையும் அவளுக்கு எதற்கு என்று கேட்பது எளிதாகிவிடுமன்றோ? பழைய விலங்குக்குப் புதிய முலாம் பூசுவதா விடுதலை?

நல்ல கதாசிரியர்கள் இந்தப் பொறியில் சிக்குவதில்லை. வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் 'வேட்டை' என்னும் கதையைப் பாருங்கள். மேரி ஒராவோன் சந்தையிலே விலை பேசத் தெரிந்த பழங்குடிப் பெண். வெள்ளைத் தோட்டக்காரரின் மகன், அவள் தாயைச் சூலுறச் செய்துவிட்டுக் கடல் கடந்து போய்விட்டவன். பிறகு வருகிறான் ஒரு மரக் குத்தகைக்காரன். சால மரங்களை அடிமாட்டு விலைக்குப் பேசுகிறான். வெட்டும் ஏழைகளுக்கு அற்பக் கூலி அளக்கிறான். மேரியையும் அப்படியே வளைத்துவிடலாம் என்று எண்ணுகிறான். மரமும் மங்கையும் அவன் பேரேட்டில் அடுத்தடுத்த இரண்டு வரிகள்! பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெண்கள் வேட்டைக்குச் செல்லும் திருநாளில், மேரி அவனையே வேட்டையாடி வீழ்த்துகிறாள். மரத்தை விழுங்க வந்த வாயே அவளையும் விழுங்க வந்தது. மரத்துக்கும் அவளுக்கும் உள்ள உறவு அதுதான்.

நம் தமிழிலே ராஜம் கிருஷ்ணன், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே நேரில் சென்று பழகி எழுதிய 'கரிப்பு மணிகள்' 1979-இல் வந்தது. அங்கே கடலும் கதிரவனும் தாலாட்டுப் பாடவில்லை. உப்புநீர் காலை அரிக்கிறது. வெயிலில் மின்னும் வெண்மை கண்ணைக் கெடுக்கிறது. பிழைக்க வந்த பொன்னாச்சி மீது மேலே இருப்போரின் காமக்கண் விழுகிறது. கடலன்னை என்று பாடிக் காலிலுள்ள புண்ணை ஆற்ற முடியுமா? அளம் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் அந்த உழைப்பாளிகளின் வாழ்வும் இருக்கிறது.

பொருளியல் அறிஞர் பினா அகர்வால் 1992-இல் இதைத்தான் வலியுறுத்தினார். காட்டின்மீது ஏழைப் பெண்ணுக்குள்ள அக்கறை பிறவிக்குணத்தால் வருவதன்று. விறகும் நீரும் தீவனமும் தேடி அலையும் உழைப்பினால், சொந்த நிலம் இல்லாமையினால் வருவது. 1974 மார்ச்சில் இமயமலைச் சிற்றூரான ரேணியில் கௌரா தேவியும் உடன்சென்ற பெண்களும் கோடரிக்காரரை மறித்தனர். 1970-இல் அலக்நந்தா பெருவெள்ளம் செய்த அழிவைக் கண்ட பகுதி அது. தம் அடுப்பையும் ஊரையும் காக்கவே அவர்கள் நின்றனர்.

மகளுக்கும் குடும்பச் சொத்தில் சம உரிமை என்றது 2005-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தம். வன உரிமைப் பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்றது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். சட்டம் வந்துவிட்டது, பட்டாவில் பெயர் ஏறிற்றா? ஊர்தோறும் சென்று கேட்பது யார் வேலை? நம் வேலை!

ஆகவே, தோழர்களே, படிப்பகத்தில் நாவலை விரிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த மண்ணில் உழைப்பவர் யார்? உடையவர் யார்? முடிவெடுப்பவர் யார்? கதையிலே கேட்டுப் பழகிய இக்கேள்விகளை, நாளை கிராம சபையிலும் எழுந்து நின்று கேளுங்கள்!