அலேர்ட் வருகுது சரி, ஆர் பாக்கிறது?

"உங்கட கலைப்பீடத்துக்கும் நெட்வேர்க் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஊடுருவல் அலேர்ட்டுகளை ஒரே இணையப் பக்கத்தில் காட்டும் டாஷ்போர்ட் ஒன்றை நிறுவுவது கணினி படிக்கிற நண்பர்களுக்கு ஒரு சனி, ஞாயிறு வேலை. அந்த வேலையை எங்களிடம் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தத் திரையை ஆர் பார்ப்பது, பார்த்துவிட்டு என்ன செய்வது, எவ்வளவு காலம் சேர்த்து வைப்பது, எதைப் பார்க்கவே கூடாது என்ற நான்கு கேள்விகளையும் நிறுவுவதற்கு முதலே பேசித் தீர்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம். இந்தப் பேச்சில் எல்லாரும் இருக்கவேண்டும். ஒரு சங்கமோ, நூலகமோ, எங்களைப் போல எழுதுகிற ஒரு சிறு குழுவோ இவற்றுக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் டாஷ்போர்ட் போடுவதை விடப் போடாமல் இருப்பது நல்லது.

முதலில் இது என்ன சாமான் என்று பார்ப்போம். ஊடுருவல் கண்டறியும் மென்பொருள் வீட்டு நாய் மாதிரி. கேற்றைப் பூட்டுகிற வேலை அதனுடையது இல்லை, குரைக்கிறது மட்டும்தான். (தடுக்கிற மாதிரியும் அமைக்கலாம். நாங்கள் பேசுவது பார்த்துச் சொல்லும் வகையைப் பற்றி.) வலையமைப்பின் ஸ்விட்சில் ஒரு போர்ட்டை ஒதுக்கி, போகிற வருகிற தரவின் பிரதியொன்றை அதற்குக் கொடுப்பார்கள். ஸ்னோர்ட், சூரிகாட்டா போன்ற மென்பொருள்கள் அந்தப் பிரதியை ஆயிரக்கணக்கான விதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்றோடு பொருந்தினால் ஒரு பதிவு எழுதும்: எத்தனை மணிக்கு, எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்த விதி, எவ்வளவு பாரதூரம்.

ஸ்னோர்ட் 1998இல் வெளிவந்தது. அதன் அலேர்ட்டுகளைக் கோப்புகளுக்குள் வரி வரியாகத் தேடுவது கஷ்டம் என்பதால், அவற்றைத் தரவுத்தளத்தில் போட்டு உலாவியில் காட்டும் ஏசிட், பிறகு பேஸ் போன்ற பக்கங்கள் வந்தன. இன்றைக்கு சூரிகாட்டா எல்லாவற்றையும் ஈவ் என்ற ஒரே கோப்பில் ஜேசன் வடிவில் எழுதுகிறது. அதை எலாஸ்டிக்சேர்ச்சில் சேர்த்துக் கிபானாவில் வரைபடங்களாகப் பார்க்கலாம். அல்லது ஈவ்பொக்ஸ் என்ற சிறிய மென்பொருளில் மின்னஞ்சல் பெட்டி மாதிரிப் பார்க்கலாம். எல்லாமே காசில்லாமல் கிடைக்கின்றன. பழைய கொம்பியூட்டர் ஒன்று இருந்தால் தொடங்கலாம். சாமானுக்குத் தட்டுப்பாடு இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறோம். தட்டுப்பாடு ஆளுக்குத்தான்.

அமெரிக்காவின் டார்கெட் கடைத்தொடரில் 2013 நத்தார்க் காலத்தில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அவர்களிடம் விலையுயர்ந்த கண்டறியும் கருவி இருந்தது. அது தீங்குநிரலைக் கண்டுபிடித்தது. பின்னர் வந்த செய்திகளின்படி, பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழு அந்த அலேர்ட்டைப் பார்த்து, மினியாபொலிஸில் இருந்த பாதுகாப்புக் குழுவுக்கு அறிவித்தும் விட்டது. அங்கே ஒருவரும் உடனடியாக அசையவில்லை. ஏறத்தாழ 4 கோடி வங்கி அட்டைகளின் விபரம் திருட்டுப் போனது. நாய் குரைத்தது, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவையும் தட்டினார், உள்ளே இருந்தவர்கள் எழும்பவில்லை.

இதைச் சோம்பல் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கணக்கு வேறொன்று சொல்கிறது. ஒரு நாளில் 10 லட்சம் நிகழ்வுகள் வலையமைப்பில் நடக்கின்றன என்று வையுங்கள். அதில் உண்மையான தாக்குதல் 10. மென்பொருள் அந்தப் 10ஐயும் தவறாமல் பிடிக்கிறது. பிழையாகக் குரைப்பது ஆயிரத்தில் ஒன்றுக்குத்தான். கேட்க நல்ல கருவி மாதிரி இருக்கிறது, என்ன? ஆனால் அந்த ஆயிரத்தில் ஒன்று, நாளொன்றுக்கு 1,000 பொய் அலேர்ட்டாக வந்து நிற்கும். திரையில் தெரியும் 1,010இல் மெய்யானது 10 மட்டுமே. ஸ்டெஃபான் அக்செல்சன் என்ற ஆய்வாளர் 1999இலேயே இந்தச் சிக்கலை விளக்கி எழுதிவிட்டார். நூறு தரம் வெளியில் வந்து இருட்டைப் பார்த்து ஏமாந்தவர் நூற்றோராவது தரம் வருவாரா? இதில் ஆளைக் குறை சொல்லி என்ன பயன்?

ஆகவே டாஷ்போர்ட்டின் முதல் வேலை, பார்க்கிற ஆளின் களைப்பைக் குறைப்பது. உலக வரைபடத்தில் சிவப்புக் கோடுகள் பாயும் திரை, பார்க்க வருகிற விருந்தாளிக்கு நல்லது. சின்ன அமைப்புகளுக்கு நாங்கள் சொல்வது பெட்டி மாதிரியான பக்கத்தைத்தான். ஈவ்பொக்ஸில் ஒவ்வொரு அலேர்ட்டையும் ஒன்றில் பார்த்து முடித்ததாக ஒதுக்க வேண்டும், அல்லது மேலதிகமாக விசாரிக்க உயர்த்த வேண்டும். பெட்டி வெறுமையாகும் வரை வேலை முடியவில்லை என்று கண்ணுக்குத் தெரியும். முதல் இரண்டு கிழமையும் வீண் குரைப்புகளை அடையாளம் கண்டு நிறுத்துவதிலேயே போகும். அப்படி ஒரு விதியை நிறுத்தினால் ஆர் நிறுத்தினது, ஏன் நிறுத்தினது என்று ஒரு கொப்பியிலாவது எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு அந்த ஆள் படிப்பு முடிந்து போய்விடுவார். கொப்பி இருக்கும்.

திரையில் ஒன்றுமே வராத நாளும் இருக்கிறது. அது நல்ல நாள் என்று நினைக்கக் கூடாது. 2017இல் அமெரிக்கக் கடன்தகவல் நிறுவனமான எக்விஃபெக்ஸில் சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விபரங்கள் களவு போயின. அவர்களிடமும் வலையமைப்பைப் பரிசோதிக்கும் கருவி இருந்தது. அதற்குரிய சான்றிதழ் காலாவதியாகி மாதக்கணக்காகப் புதுப்பிக்கப்படாததால், மறைகுறியாக்கப்பட்ட தரவுக்குள் அதனால் பார்க்க ஏலவில்லை. ஜூலை 29ஆம் திகதி சான்றிதழைப் புதுப்பித்தார்கள். சந்தேகத்துக்குரிய போக்குவரத்து உடனேயே கண்ணில் பட்டது. கள்ளன் மே மாதம் தொடக்கம் உள்ளேதான் இருந்தான். ஆகவே கிழமைக்கு ஒரு தரமாவது வேண்டுமென்றே ஒரு சோதனை அலேர்ட்டை வரவைத்துப் பார்க்க வேண்டும். வராவிட்டால் கருவிக்குத்தான் கண் போய்விட்டது.

இனி எங்களுக்கு முக்கியமான பகுதிக்கு வருகிறோம். வெளியிலிருந்து வருபவனைப் பார்க்கப் போட்ட கண், உள்ளே இருப்பவர்களையும் பார்க்கிறது. சூரிகாட்டா அலேர்ட்டை மட்டும் எழுதுவதில்லை. இருக்கிற அமைப்பில் விட்டால், எந்தக் கருவி எந்தப் பெயரைத் தேடியது, எந்த இணையத்தளத்தோடு எத்தனை மணிக்கு இணைந்தது என்பவையும் அதே ஈவ் கோப்பில் சேரும். நீங்கள் அங்கே என்ன எழுதினீர்கள் என்று அதற்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கே போனீர்கள் என்று பெரும்பாலும் தெரியும்.

இந்த ஆபத்தைக் கருவி செய்தவர்களே உணர்ந்திருந்தார்கள். 1995இல் வேர்ன் பக்ஸன் எழுதத் தொடங்கிய ஒரு கண்காணிப்பு மென்பொருளுக்கு 'ப்ரோ' என்று பெயர் வைத்தார். ஓர்வெல் எழுதிய பெரியண்ணனை நினைவூட்டும் பெயர். கண்காணிப்போடு அத்துமீறலும் ஒட்டிக்கொண்டே வரும் என்பதை மறக்காமல் இருக்கத்தான் அப்படி வைத்தார். 2018இல் அதற்கு 'ஸீக்' என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறினாலும் எச்சரிக்கை பழசாகவில்லை.

எங்கட நாட்டில் இதைச் சும்மா தத்துவமாகப் பேசிவிட்டுப் போக ஏலாது. காணாமலாக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய் ஒருவர் ஒரு சிறு அமைப்பின் அறைக்கு வந்து, அங்கிருக்கும் வைஃபையில் போனைப் போடுகிறார். அந்த நாள், அந்த மணி, அந்தப் போன் எல்லாம் ஒரு கோப்பில் விழுகின்றன. அந்தக் கொம்பியூட்டரை ஒருநாள் ஆராவது தூக்கிக்கொண்டு போனால் அவருக்கு என்ன பதில் சொல்வது? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை நேரடியாகவோ மறைமுகமாகவோ அடையாளம் காட்டும் தகவலைத் தனிப்பட்ட தரவு என்கிறது. இணைய அடையாளங்களும் அதற்குள் வரும். ஆனால் சட்டம் இருக்கிறதோ இல்லையோ, இது நம்பிக்கையின் விஷயம்.

எங்கள் யோசனை எளியது. அலேர்ட்டை மட்டும் பதியுங்கள், மற்றப் பதிவுகளை அமைப்புக் கோப்பிலேயே நிறுத்துங்கள். விருந்தினர் வைஃபையை வேறாகப் பிரித்து, அதைக் கண்காணிப்பிலிருந்து விலக்குங்கள். பதிவுகள் 14 நாளில் தானாக அழியட்டும். இதைச் சுவரில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். கணினி நண்பர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள்: மற்றப் பதிவுகள் இல்லாவிட்டால் ஒரு தாக்குதல் எப்படி நடந்தது என்று பின்னர் ஆராய முடியாது. உண்மைதான். அந்த இழப்பைத் தெரிந்துகொண்டே ஏற்கலாம் என்பது எங்கள் கருத்து. வங்கிக்கு வேறு கணக்கு, எங்களுக்கு வேறு கணக்கு.

டாஷ்போர்ட்டே ஓட்டையாகிவிடும் ஆபத்தும் உண்டு. எலாஸ்டிக்சேர்ச்சில் 8ஆம் பதிப்பு வரும் வரை கடவுச்சொல் பாதுகாப்பு தானாக இயங்கவில்லை, நாங்களாகத்தான் போட வேண்டும். 2020இல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான தரவுத்தளங்களை 'மியாவ்' என்று பெயரிடப்பட்ட தாக்குதல் துடைத்தெறிந்தது. அதில் எலாஸ்டிக்சேர்ச் தளங்களும் கனக்க இருந்தன. வீட்டிலிருந்து பார்க்க வசதி என்று அலேர்ட் பக்கத்தைப் பொது இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். வீபிஎன் வழியாக மட்டும் வரட்டும். ஆளுக்கு ஆள் வேறு வேறு கணக்கு இருக்கட்டும்.

பிறகு மொழி. அலேர்ட்டுகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வருகின்றன, அதுவும் விதி எழுதியவர்களுக்கு மட்டும் விளங்குகிற சுருக்கத்தில். அன்றைக்கு அறையில் இருக்கிற பிள்ளைக்கு அது விளங்காவிட்டால் அலேர்ட் வராததற்குச் சமன். அடிக்கடி வரும் இருபது அலேர்ட்டுக்காவது "இது என்ன, எந்த வயரைக் கழற்ற வேண்டும், ஆருக்குக் கோல் எடுக்க வேண்டும்" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் எழுதி வைக்கலாம். இந்த இடத்தில் கலைப்பீடத்தின் வேலை என்ன என்று இப்ப விளங்கியிருக்கும்.

கடைசியாக, தினமும் கால் மணித்தியாலம் பெட்டியைப் பார்க்க முறை வைத்து இரண்டு பேர் இல்லையென்றால் இதைப் போடாதீர்கள். அந்த நேரத்தை மென்பொருள்களைப் புதுப்பிக்கவும், இரண்டடுக்கு உள்நுழைவைப் போடவும், முக்கியமாகப் பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்கவும் செலவழியுங்கள். 2023 ஓகஸ்டில் எங்கள் அரசாங்கத்தின் மேகச் சேவை மீது கப்பம் கேட்கும் தாக்குதல் நடந்தது. தனியே எடுத்து வைத்த பிரதி இல்லாததால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. தாக்குதல் தெரிய வந்த பிறகு கையில் ஒன்றுமில்லாவிட்டால், அதை அறிவித்த அலேர்ட்டால் பயனில்லை.

ஆள் இருந்தால், அடுத்த கூட்டத்தில் மென்பொருளைப் பற்றிப் பேச முதல் ஒரு தாளை எடுத்து அந்த நான்கு கேள்விகளையும் எழுதுங்கள். நான்குக்கும் பெயரோடும் நாளோடும் பதில் வந்த பிறகு ஸ்விட்சில் வயரைச் செருகலாம்.