வாடகை வீடு: பெயின்ட் அடித்தால் போதுமா?

'டு-லெட்' போர்டு மாட்டும் முன் பல உரிமையாளர்கள் செய்வது இரண்டே வேலை. சுவருக்கு பெயின்ட், ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங். வீடு பார்க்க வருபவரோ முதலில் குழாயைத்தான் திறக்கிறார். "நல்ல தண்ணி வருமா, போர் தண்ணியா?" என்பதுதான் சென்னையில் முதல் கேள்வி. அப்படியானால் பணத்தை எங்கே போட வேண்டும்?

எது முதலில்?

மொட்டை மாடி, குளியலறைக் கசிவை முதலில் அடையுங்கள். ஓதம் ஏறிய சுவரில் எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் ஐப்பசி மழைக்கு உரிந்துவிடும். அடுத்தது வயரிங். ஏசி, கீசருக்குத் தனி லைன், சரியான எர்த்திங், மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்சிசிபி மூன்றும் வேண்டும். பிறகு ஜன்னலுக்குக் கொசுவலை, வாஷிங் மெஷினுக்குக் குழாய். அலங்காரம் கடைசிதான். அதை விட்டாலும் குறையில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

15,000 ரூபாய் வாடகை வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் 30,000 ரூபாய் நஷ்டம். மாதம் 1,000 ரூபாய் கூட்டி வாங்கி அதை ஈடுகட்ட இரண்டரை வருஷம் ஆகும். ஆக, வாடகையை ஏற்றுவதைவிட, இருப்பவர் காலி செய்யாமல் பார்த்துக்கொள்வதே லாபம். வாடகை வருமானத்தில், சொத்து வரி போக, 30 சதவீதத்தை வருமான வரிச் சட்டம் கழித்துக்கொள்ள விடுகிறது. பராமரிப்பை ஏன் தள்ளிப்போட வேண்டும்?

யார் பொறுப்பு?

2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை, வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் வேலை. குழாய் வாஷர், சுவிட்ச் போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவருடையவை. ஆனால் நடப்பது என்ன? காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும்.

'நல்ல வாடகைதாரர்' என்றால் என்ன சாதி, என்ன சாப்பாடு என்று விசாரிப்பதும் அப்படித்தான். மாதம் பிறந்ததும் வாடகை தருபவர், வீட்டைத் தன் வீடாகப் பார்ப்பவர், அவர்தான் நல்லவர். அப்படிப்பட்டவர் உரிமையாளரையும் எடைபோட்டுத்தான் வருகிறார். ஒழுகும் குழாயைச் சொன்ன வாரமே சரிசெய்து கொடுங்கள். அவர் போகும்போதும் அடுத்தவரை அவரே கூட்டி வருவார்.