வீடியோ காலில் கைது கிடையாது



பக்கத்து வீட்டு அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை. சென்ற வாரம் மூன்று மணி நேரம் அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்போன் திரையில் காக்கிச் சட்டை. "உங்கள் ஆதார் எண்ணில் போன பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது. லைனைத் துண்டிக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று மிரட்டல். ஃபிக்சட் டெபாசிட்டை உடைக்கக் கிளம்பியவரை, பால் கணக்குக் கேட்க வந்த பையன்தான் முகத்தைப் பார்த்து விசாரித்து நிறுத்தினான்.

இப்படி வீடியோ காலில் மிரட்டிப் பிடித்துவைக்கும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று நம் சட்டத்தில் எதுவும் கிடையாது. 2024 அக்டோபரில் 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமரே இதைச் சொன்னார். எந்தப் போலீசும் விசாரணைக்கென்று பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லாது. படித்தவர்களும் இதில் சிக்குவது மானத்துக்குப் பயந்துதான். "யாரிடமும் சொல்லாதே" என்றாலே மோசடி என்று தெரிந்துகொள்ளலாம். போனை வைத்துவிட்டு முதலில் வீட்டாரிடம் சொல்லுங்கள். பணம் போய்விட்டாலும் வெட்கப்படாமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவும் முன் முடக்க வாய்ப்புண்டு.

வங்கி ஊழியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வயதானவர்கள் பதறிக்கொண்டு டெபாசிட்டை உடைக்க வந்தால், "யாராவது போனில் சொன்னார்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

- ஒரு வாசகர், கும்பகோணம்