நீலமா சிவப்பா, முதல்லயே சொல்லிடுங்க

போன பொங்கலுக்கு எங்க அடுக்ககத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரே வீட்டில் கூடியிருந்தோம். பொங்கலும் வடையும் உள்ளே போனதும் பேச்சு வழக்கம்போலப் பிள்ளைகள் பக்கம் திரும்பியது. ஒரு நண்பர், "வீடியோ கேம் எல்லாம் விஷம் சார். எங்க வீட்ல அந்தப் பெட்டியையே தூக்கிப் பரண்ல போட்டுட்டேன்" என்றார். இன்னொருவர், "அப்படிச் சொல்லாதீங்க, சில கேம்ல நல்லது கெட்டது சொல்லித் தர்றாங்க. இன்ஃபேமஸ்ல எல்லாம் நல்லவனா இருந்தா அதுக்குன்னு தனி பவரே உண்டு" என்றார்.

முதல் ஆளோடு எனக்குச் சின்னச் சண்டைதான். இரண்டாவது ஆளோடுதான் பெரிய சண்டை. அன்றைக்கு வாயில் வடை இருந்ததால் அதை இங்கே போடுகிறேன்.

இன்ஃபேமஸ் 2009-இல் பிஎஸ்3-க்கு வந்தது. செய்தவர்கள் சக்கர் பஞ்ச் என்ற அமெரிக்க நிறுவனம். கதாநாயகன் கோல் மெக்ராத், சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். ஒரு பார்சல் கையிலேயே வெடிக்கிறது. நகரத்தில் ஒரு பகுதி நாசம், ஊருக்குள் கொள்ளைநோய், ஊரையே அடைத்துச் சீல் வைத்துவிடுகிறார்கள். பிழைத்தெழுந்தவன் உடம்பில் மின்சாரம் ஓடுகிறது. அப்புறம் எம்பயர் சிட்டி முழுக்க நம்ம இஷ்டம். எந்தச் சுவரிலும் ஏறலாம், மேம்பால ரயில் தண்டவாளத்தில் சறுக்கிக்கொண்டே போகலாம், மாடியிலிருந்து குதித்தால் கையிலிருந்து கிளம்பும் மின்சாரத்தில் மிதக்கலாம். காரும் ஓட்ட முடியாது, துப்பாக்கியும் தொட முடியாது. இவன் தொட்டால் வெடிக்கும். தெருவிளக்கில் கரண்ட்டை உறிஞ்சித்தான் தெம்பு ஏற்ற வேண்டும். கரண்ட் கட் ஆன தெருவில் நம்மாளு கிட்டத்தட்ட சாதாரண மனுஷன். :-)

சொல்லிவிடுகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த கேம் அது. பழைய பிஎஸ்3 இன்னும் வீட்டில் ஓடுகிறது. ஆபீசில் எட்டு மணி நேரம் யாரோ நீட்டிய எக்செல் ஷீட்டைத் தின்றுவிட்டு வருகிறவனுக்கு, ஒரு ஊரின் உச்சியில் நின்று எந்தப் பக்கம் வேண்டுமானாலும் குதிக்கலாம் என்பது சின்ன விஷயமா? பரண்காரருக்கு என் பதில் இவ்வளவுதான்.

இப்போது பெரிய சண்டைக்கு வருவோம்.

இந்த கேமில் கர்மா மீட்டர் என்று ஒன்று இருக்கிறது. நல்லது செய்தால் முள் நீலத்துக்குப் போகும், கெட்டது செய்தால் சிவப்புக்கு. அவன் கையில் பாய்கிற மின்னலே அந்த நிறத்துக்கு மாறும். நல்லவனானால் தெருவில் ஜனங்கள் கைதட்டுவார்கள், கெட்டவனானால் கல்லெறிவார்கள். ஆரம்பத்திலேயே ஒரு இடம். பட்டினி கிடக்கும் ஊருக்கு மேலிருந்து போட்ட சாப்பாட்டு மூட்டை ஒரு சிலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நாம் ஏறி இறக்குகிறோம். கீழே ஜனக்கூட்டம். திரையில் எல்லாம் நிற்கிறது, அவன் மனசுக்குள் யோசிக்கிறான்: கொடுத்துவிடலாமா, கூட்டத்தை ஷாக் அடித்து விரட்டிவிட்டு நமக்கும் நண்பர்களுக்கும் வைத்துக்கொள்ளலாமா?

என் பையனுக்கு 13 வயது. அவன் ஏற்கெனவே முடித்த கேம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் அந்த இடத்தில் நிஜமாகவே யோசித்தேன். அவன் பொறுமை இழந்து சொன்னான்: "அப்பா, நீங்க நீலமா சிவப்பா, மொதல்லயே சொல்லிடுங்க. நடுவுல மாத்தினா பெரிய பவர் எதுவும் கிடைக்காது."

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உச்சகட்ட நல்ல சக்திகள் 'ஹீரோ' பட்டத்துக்குத்தான் திறக்கும். உச்சகட்ட கெட்ட சக்திகள் 'இன்ஃபேமஸ்' பட்டத்துக்குத்தான். நடுவில் நிற்கிறவனுக்கு, அதாவது உங்களையும் என்னையும் போன்றவனுக்கு, இரண்டும் பூட்டு. ஆகவே புத்திசாலி ஆட்டக்காரன் முதல் பத்து நிமிஷத்தில் ஒரே ஒரு முடிவு எடுப்பான். அதற்கப்புறம் வருகிற எந்தக் கேள்வியையும் படிக்கவே மாட்டான், நிறத்தை மட்டும் பார்ப்பான். இதைப் போய் நீதி போதனை என்கிறீர்களே, எப்படிய்யா?

கதையின் பின்பகுதியில் இது உச்சத்துக்குப் போகிறது. (கேம் ஆடப்போகிறவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் படிக்கவும்.) கெஸ்லர் என்ற வில்லன் ஒரு கட்டடத்தில் ஆறு டாக்டர்களையும், இன்னொன்றில் கோலின் காதலி ட்ரிஷ்ஷையும் தொங்கவிட்டிருக்கிறான். ஒரு பக்கம்தான் போக முடியும். நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன். பையன் சிப்ஸ் தின்றுகொண்டே, "நீங்க நீலம்ப்பா. டாக்டர்ஸ்" என்றான். திரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆறு உயிருக்கும் ஒரு காதலிக்கும் நடுவிலான கேள்விக்கு என் பிள்ளை ஒரு சிப்ஸ் கடிக்கிற நேரத்தில் பதில் சொன்னான். அவன் இரக்கமில்லாதவன் இல்லை. அந்த மீட்டர் அவனுக்குக் கேள்வியே மிச்சம் வைக்கவில்லை.

இதில் பெரிய வேடிக்கை, எந்தப் பக்கம் போனாலும் ட்ரிஷ் செத்துப்போகிறாள். காதலியைக் காப்பாற்றப் போனால், தொங்கிக்கொண்டிருப்பது வேறு பெண். அவள் அந்த டாக்டர்களோடு இருந்திருக்கிறாள். கதை எழுதியவருக்கு வாழ்க்கை தெரிந்திருக்கிறது. மீட்டர் வைத்தவருக்குத்தான் தெரியவில்லை.

இதே கேள்வியை மீட்டர் இல்லாமல் கேட்டால் என்ன ஆகும்? 2018-இல் பிஎஸ்4-க்கு வந்த ஸ்பைடர்மேன் எங்கள் வீட்டில் ஓடியபோது பார்த்தேன். நியூயார்க் முழுக்க ஊஞ்சலாடும் அதே வகை கேம்தான். அதில் எவனையாவது மாடியிலிருந்து தள்ளிவிட்டால் கூட, வலை தானாகவே போய் அவனைச் சுவரில் ஒட்டிவிடும். கொலை செய்ய வழியே கிடையாது. மார்க்கும் கிடையாது. கடைசியில் கையில் இருக்கும் கொஞ்சம் மருந்தை மே அத்தைக்குக் கொடுப்பதா, ஊருக்கே மருந்து செய்ய வைத்துக்கொள்வதா என்று பீட்டர் நிற்கிறான். நம்மிடம் எந்தப் பட்டனும் இல்லை, வெறுமனே பார்க்கிறோம். அத்தை போய்விடுகிறாள். என் பையன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "வேற யாராவது அந்த மருந்தைச் செஞ்சிருக்க முடியாதாப்பா?" என்று கேட்டான். பட்டன் கொடுத்த இடத்தில் வராத கேள்வி, பட்டன் இல்லாத இடத்தில் வந்தது.

சக்கர் பஞ்ச்காரர்களே 2020-இல் 'கோஸ்ட் ஆஃப் சூஷிமா' செய்தபோது அந்த மீட்டரை வைக்கவில்லை. கடைசியில் சொந்த மாமாவைக் கொல்வதா விடுவதா என்று கேட்கிறார்கள். எது நீலம் எது சிவப்பு என்று சொல்வதில்லை. நான் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு எரிச்சல் வருவது அந்தப் பெயரில்தான். கர்மா நம்ம வீட்டுச் சரக்கு. நம்ம பெரியவர்கள் 'இருவினை' என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். நல்வினையும் ஒரு கட்டு, தீவினையும் ஒரு கட்டு. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழித்துக்கொள்ள முடியாது, இரண்டையும் தனித்தனியாக அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும். இந்த கேமில் வழியில் போகிறவனைச் சுட்டுவிட்டு, விழுந்து கிடக்கிற நாலு பேரை எழுப்பிவிட்டால் முள் பழையபடி நீலம். இது கர்மா இல்லை சார், கிரெடிட் கார்டு பாயிண்ட்.

ஆனால் இதை எழுதும்போதே தலையைத் திருப்பினால் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் தெரிகிறது. அதில் ஒரு சார்ட். படுக்கையை மடித்தால் ஒரு ஸ்டார், தமிழில் ஒரு பக்கம் எழுதினால் ஒரு ஸ்டார், பாட்டியோடு போனில் பேசினால் ஒரு ஸ்டார். பத்து ஸ்டாருக்கு பீட்சா. ஒட்டியது நான்தான். போன மாதம், "பாட்டிகிட்ட பேசுடா" என்றதற்கு, "இந்த வாரத்துக்கு ஸ்டார் வாங்கிட்டேன்ப்பா" என்றான். இதை எந்த கேம் கம்பெனிக்காரன் சொல்லிக்கொடுத்தான்?

என்னுடையது ஃப்ரிட்ஜில் இல்லை, பேங்க் ஆப்பில் இருக்கிறது. மாதம் ஒன்றாம் தேதி ஊருக்குப் பணம் போனதும் எனக்குள்ளே ஒரு முள் நீலத்துக்கு நகரும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றபோது லீவு கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், சரியாகக் கேட்கவில்லை. நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்து முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அம்மா போனில் குறை ஒன்றும் சொல்லவில்லை. "பணம் எல்லாம் வந்துச்சுப்பா. கட்டு அவுத்ததும் மொதல்ல நர்ஸு மூஞ்சிதான் தெரிஞ்சுது. நல்ல பொண்ணு" என்றது. அதை எந்த மீட்டரில் கழிப்பது?

வெளியூரில் இருக்கிற நம்மில் நிறைய பேருக்கு இந்த மீட்டர் இருக்கிறது. தீபாவளிக்கு ஒரு தடவை, பண்டிகைப் பணம், கல்யாணத்துக்கு மொய், முடிந்தது கணக்கு. அப்புறம் எந்தக் கேள்வி வந்தாலும் அதைப் படிக்காமல் நிறத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறோம், சிப்ஸ் கடிக்கிற நேரத்தில்.

ஆகவே பரண்காரரே, பெட்டியை இறக்குங்கள். பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை ஷாக் அடிப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது அரை மணியில் சலித்துவிடும். அவன் யோசிக்காமல் நல்லது செய்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, ஏன் என்று கேளுங்கள். "நீலம்" என்று பதில் வந்தால் கவலைப்படுங்கள்.

நான் சார்ட்டைக் கிழித்துவிட்டேன். பையனுக்கு நாலு ஸ்டார் பாக்கி இருந்ததாம், ஒரே கலாட்டா. பீட்சா வாங்கிக் கொடுத்தேன், எதற்கும் இல்லாமல், சும்மா. அடுத்த மாதம் ரெண்டாவது கண்ணுக்கு ஆபரேஷன். டிக்கெட் போட்டாச்சு.